கை தூக்க வேண்டியவர்கள்

நூஹுவுக்குத் தெரிந்த வேலை சமையல். நாற்பது பேருக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் என்றால் ஒற்றை ஆளாக நின்று இறக்கிவிடுவார். அரசியல் தெரியாது. அந்த விஷயத்தை யாராவது அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

வருஷம் தொண்ணூற்றாறு. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடக்கப்போகிற வருஷம். துபாயில் இருக்கிற கோரைப்பட்டணம் நலச் சங்கத்துக்கும் அதே வருஷம்தான் பிரசிடெண்ட் தேர்தல் வந்தது. அமெரிக்காவில் யார் வந்தாலும் தேராவில், நாயிஃப் ரோட்டுப் பின்சந்தில், மூன்றாவது மாடியில் இருக்கிற ரூமுக்கு ஒன்றும் ஆகிவிடாது. சங்கத்துக்கு யார் வருகிறார்கள் என்பதில்தான் அந்த ரூமின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அது ஊர் ரூம். விசிட் விசாவில் வந்து இறங்குகிறவன், விசா கொடுத்த கஃபீல் கைவிட்டவன், கம்பெனி மூடிப் போய் நடுத்தெருவில் நிற்கிறவன், கோரைப்பட்டணத்துக்காரன் யாராக இருந்தாலும் வேலை கிடைக்கிறவரை அங்கே படுக்கக் கட்டிலும் இரண்டு வேளைச் சோறும் உண்டு. வாடகை சங்கத்துடையது. சமையல், காவல், ஏசி நின்றுபோனால் வாங்குகிற வசவு எல்லாம் நூஹுவுடையது. பத்து வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்த கடை மூடியபோது, "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று பையோடு வந்தவர் அவர். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

தேர்தலில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் அஸீம். சத்வாவில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை. மனைவி மக்களோடு குடும்பமாக இருக்கிறவர். "நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷைத் தவிர ஒண்ணும் வாயில நுழைய மாட்டேங்குது. ஊர்ல இருக்கிற வாப்பும்மாகிட்ட போன்ல பேசச் சொன்னா 'ஹலோ ஹவ் ஆர் யூ'ங்குது. ரூமுக்குக் கொட்டுற வாடகையில ஒரு ஹால் எடுப்போம். வெள்ளிக்கிழமைதோறும் தமிழும் ஓதலும் சொல்லிக் குடுப்போம்" என்பது அவர் பேச்சு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் பேசியபோது நூஹுவே ஒரு தடவை தலையாட்டிவிட்டார். ரூமை மூடித்தான் ஹால் எடுக்க வேண்டும் என்பது கூட்டம் கலைந்து படியேறும்போதுதான் அவருக்கு உறைத்தது.

இன்னொருவர் முகம்மது சித்தீக் ஹாஜியார். கார்கோவும் விமான டிக்கெட்டும் சேர்ந்த கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். பத்துப் பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் தொண்டை கட்டிவிடும் என்பதைத் தவிர ஒரு குறையும் கிடையாது. "நான் இருக்கிறவரைக்கும் ரூம் இருக்கும்" என்று அவர் சொன்ன அன்றைக்கே நூஹு தன்னைத்தானே அவருடைய தேர்தல் ஏஜெண்டாக நியமித்துக்கொண்டார். சித்தீக் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவரால் யாரிடமும் அதைச் சொல்ல முடியாது.

ஓட்டுப்பெட்டி, சீட்டு என்றெல்லாம் சங்கத்தில் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மலையாளி ஓட்டலின் மாடியில் கூடுவார்கள். பழைய பிரசிடெண்ட் செய்கு முகம்மது மாமா பெயரைச் சொல்வார். கை தூக்க வேண்டும். எந்தப் பக்கம் கை அதிகமோ அவர் பிரசிடெண்ட்.

நூஹுவின் மூளை முதலில் போனது டிக்கெட்டின் பக்கம். அந்த மாதக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள். பெருநாளைக்கு ஊரில் நிற்க வேண்டும் என்று துபாயே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் விமானத்தில் ஒரு சீட் கிடைப்பதற்கு மந்திரி சிபாரிசு வேண்டும். சித்தீக் கடையில் மட்டும் முன்கூட்டியே பிடித்துவைத்த சீட்டுகள் இருந்தன.

"ஹாஜியாரே, இதை வெளியாளுக்குக் குடுக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கே குடுங்க. பெருநாளைக்கு ஊருக்கு அனுப்பி வச்ச மனுசனுக்குக் கையைத் தூக்காம இருப்பானுவளா?"

"தப்பாப் பேசிக்க மாட்டாங்களா நூஹு?"

"சீட்டு கிடைச்சவன் பேச மாட்டான்."

சீட்டு கிடைக்காதவன் என்ன பேசுவான் என்பதை அவர் யோசிக்கவில்லை. கிடைக்காத அத்தனை பேரும் மறுநாளே அஸீம் பக்கம் போனார்கள். போகட்டும், நம்மிடம் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று நூஹு மார்தட்டினார். தேர்தல் வெள்ளிக்கிழமை. இவர்களுக்கு விமானம் அதற்கு அடுத்த செவ்வாய், புதன், வியாழன். கையைத் தூக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் போதும். இதைவிடக் கச்சிதமாக ஒருவன் திட்டம் போட முடியுமா என்று ரூமில் இருந்தவர்களிடம் கேட்டார். சோறு போடுகிறவர் கேட்கிறார் என்று அவர்களும் முடியாது என்றார்கள்.

அடுத்து விருந்து. தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அல் கூஸில் கிடங்கு வேலை பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு அவர்கள் தங்கியிருக்கிற இடத்திலேயே நெய்ச்சோறு. நூஹு விடிகாலையிலேயே போய் அடுப்பு மூட்டிவிட்டார். கோரைப்பட்டணத்தில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கையை விட்டுச் சாப்பிட வேண்டும். முதலாளி, கூலிக்காரன், சம்பந்தி, சண்டைக்காரன் எல்லாரும் அதில் ஒன்று.

சித்தீக்கின் குடலில் புண். காரமும் நெய்யும் பட்டால் இரண்டு நாளைக்கு எழுந்திருக்க மாட்டார். அது தெரிந்த ஒரே ஆள் நூஹு. ஆகவே, மனுசன் பாவம் என்று தனியாகக் கஞ்சி காய்ச்சி, வெள்ளைத் துவையல் அரைத்து, புது எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி, அவர் பாயில் உட்கார்ந்ததும் பவ்வியமாக முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

சஹனில் கை வைக்கப்போன நான்கு பேரும் தட்டைப் பார்த்தார்கள். பக்கத்துச் சஹன்காரர்களும் பார்த்தார்கள். சித்தீக்கும் பார்த்தார். பத்துப் பேருக்கு மேல் இருந்ததால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"ஹாஜியாருக்கு நம்ம கை சுத்தம் பத்தலபோல" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நூஹு கரண்டியோடு நின்றார். புண் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவரைச் சித்தீக் கண்ணாலேயே அடக்கிவிட்டார். அன்று அஸர் தொழுகைக்குள் செய்தி ஷார்ஜா போய்விட்டது. மக்ரிபுக்குள் அந்தத் தட்டோடு ஒரு ஸ்பூனும் சேர்ந்துகொண்டது. மறுநாள் ஜுபைலிலிருந்து நூஹுவின் மச்சான் போன் போட்டார். சவூதியில் பெட்ரோகெமிக்கல் கம்பெனியில் டெக்னீஷியன். சங்கத்தில் ஓட்டுகூடக் கிடையாது.

"என்ன மச்சான், ஒங்க ஆளு மேசை நாற்காலி போட்டுச் சாப்புட்டாராமே? துண்டு போட்டுக் கை தொடைச்சி விட ஒரு பெங்காலிப் பையனை வச்சிருந்தாராமே?"

"ஏன், விசிறி விடறதுக்கு ஆள் வச்சிருந்ததை யாரும் சொல்லலியா?" என்று நூஹு போனை வைத்தார். இரவுக்குள் விசிறியும் சேர்ந்துவிடுமோ என்று அப்புறம்தான் பயம் வந்தது.

"புண்ணுன்னு சொல்லிடுவோம் ஹாஜியாரே. நாலு பேரு பரிதாபப்படுவாங்க."

"வயித்துப் புண்ணைக் காட்டி ஓட்டுக் கேக்கச் சொல்றியா? நாளைக்கு, சீக்காளியைப் பிரசிடெண்டாப் போடணுமாம்பாங்க. பேசாம இரு நூஹு."

பேசாமல் இருக்கிற மனிதராக இருந்திருந்தால் நூஹு ஏஜெண்டே ஆகியிருக்க மாட்டார். தட்டு விவகாரம் ஆறிப்போகத் தேவை ஒரு வாரம் என்று கணக்குப் போட்டார். ஊர்க்காரர்கள் எதையும் ஒரு வாரத்துக்கு மேல் பேசுவதில்லை. வேறு எவனாவது மாட்டிவிடுவான். நேரே செய்கு முகம்மது மாமாவிடம் போனார். அங்கே அஸீமும் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, தேர்தலை ஒரு வாரம் தள்ளி வச்சா என்ன? வெள்ளிக்கிழமை ஓவர்டைம் டூட்டி இருக்குன்னு பசங்க சொல்றானுவ."

"அஸீம், நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று மாமா கேட்டார்.

"நூஹு காக்கா சொன்னா சரிதான். ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம்னாலும் தள்ளிக்குங்க" என்று அஸீம் சிரித்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதைப் பார்த்து, பையன் நம்மைக் கண்டு பயந்துவிட்டான் என்று நூஹு நினைத்தார். திரும்பி வரும் வழியில் தனக்குத் தானே ஒரு பலூடா வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, சாகிர் டிக்கெட் வாங்கச் சித்தீக்கின் கடைக்கு வந்தான். அல் கூஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வேலை கிடைக்காமல் ஆறு மாதம் ஊர் ரூமில் கிடந்தவன். நூஹுவின் சோற்றில் உயிர் பிடித்தவன். நூஹு தன் கையாலேயே டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை பறந்துடுவேன் காக்கா. துவா செய்ங்க."

"அல்ஹம்து லில்லாஹ். நல்லபடியாப் போ. ஆனா வெள்ளிக்கிழமை மறந்துடாத. மலையாளி ஓட்டல் மாடி."

சாகிர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எந்த வெள்ளிக்கிழமை காக்கா? அந்த வெள்ளிக்கிழமை நான் ஊர்ல ஜும்ஆ தொழுவேன்."

கடையில் ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நூஹுவுக்குக் காதோரம் வேர்த்தது. செவ்வாய், புதன், வியாழன். அதற்குப் பிறகு வெள்ளி. கையைத் தூக்க வேண்டிய முப்பத்துச் சொச்சம் பேரையும், அவரே பார்த்துப் பார்த்துச் சீட்டுக் கொடுத்து, அவரே தேதியையும் தள்ளிவைத்து, கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார். சீட்டு கிடைக்காத வயிற்றெரிச்சலோடு துபாயில் மிச்சம் இருக்கப்போகிறவர்கள் அஸீமின் ஆட்கள்.

சித்தீக் கணக்கைப் புரிந்துகொள்ள கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நூஹு, ஒரு விஷயம் சொல்லு. நீ எனக்கு ஏஜெண்டா, அஸீமுக்கு ஏஜெண்டா?"

"இப்பத்தான் எனக்கும் அந்தச் சந்தேகம் வருது ஹாஜியாரே. தேதியைப் பழையபடி மாத்தச் சொல்லிப் பாக்கவா?"

கேட்டுப் பார்த்தார். சங்கத்தில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, ஓட்டலிலும் சொல்லியாயிற்று என்று மாமா கையை விரித்தார். ஊருக்குப் போகிறவர்கள் இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று நூஹு இழுத்தார். "கை தூக்கணும்னா கை இங்க இருக்கணும்லப்பா" என்றார் மாமா. டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று சித்தீக் விமானக் கம்பெனிக்குப் போன் செய்தார். பெருநாள் முடிகிறவரை ஒரு சீட்டும் மாஃபி. தள்ளிப்போட்டால் பெருநாள் போச்சு.

மிச்சம் ஒரே வழிதான். இந்தத் தடவை பெருநாளைத் துபாயிலேயே கழிக்கச் சொல்லி ஓர் ஏழெட்டுப் பேரையாவது நிறுத்த வேண்டும். ஏழெட்டுக் கை இருந்தால் ரூம் பிழைத்துவிடும்.

முதலில் ஷார்ஜாவுக்குப் போனார். அங்கே இருந்தவருக்குப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் மகள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரத்தை எடுத்து நூஹுவின் மணிக்கட்டில் கட்டிப் பார்த்து, "நல்லாருக்கா காக்கா?" என்று கேட்டார். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு நூஹு பஸ் ஏறினார். அடுத்து இன்னொருவர். வாப்பா படுத்த படுக்கை. அங்கே அவர் சாயாகூடக் குடிக்கவில்லை.

சாகிரிடம் கேட்டுவிடலாம் என்று அல் கூஸ் போனார். சோறு தின்றவன், தட்ட மாட்டான். அறைக்குள் நுழைந்தவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சாகிரின் உதட்டுக்கு மேல் வழவழவென்று இருந்தது.

"மீசை எங்கடா?"

சாகிர் வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டான். "வீட்ல ஹிஃப்ஸாகிட்ட இருக்கிற போட்டோவுல எனக்கு மீசை இல்ல காக்கா. அதைக் காட்டித்தான் 'வாப்பா பாரு, வாப்பா பாரு'ன்னு பாப்பாவை வளத்திருக்கா. பொறந்ததுலேர்ந்து அது என்னைப் பாத்ததில்லேல்ல. மீசையோட போய் நின்னா யாரோன்னு அழுதுடுமோன்னு..."

அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். "மூணு நாளா ராத்திரி ராத்திரி கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சுப் பழகுறான் காக்கா. எங்களுக்குத்தான் பயமா இருக்கு."

"என்ன விஷயமா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று சாகிர் கேட்டான்.

நூஹு கட்டிலுக்கடியில் பார்த்தார். பால்பவுடர் டின்னும் போர்வையும் திணித்து வாய் பிளந்துகொண்டிருந்தது ஓர் அட்டைப்பெட்டி.

"பெட்டி கட்டத் தெரியாம விழிப்பியேன்னு வந்தேன். கயிறை எடு."

அன்று அவர் அந்த அறையில் நான்கு பெட்டி கட்டினார். நான்கும் சித்தீக் பக்கம் கை தூக்க வேண்டியவர்களுடைய பெட்டிகள். உருண்டாலும் அவிழாத முடிச்சு போட்டு, மார்க்கரால் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் சேதி எப்படியோ சாகிருக்கு எட்டிவிட்டது. திங்கட்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு, டூட்டிச் சட்டையோடு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து நின்றான்.

"காக்கா, ஏன் சொல்லல? நான் போகல. இந்த ரூம் இல்லேன்னா அன்னைக்கே நான் ஊருக்குத் திரும்பிருப்பேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க. நான் நின்னா அல் கூஸ் பசங்க இன்னும் ஆறேழு பேரு நிப்பானுவ. பேசிட்டுத்தான் வந்திருக்கேன்."

நூஹு அடுப்பைக் குறைத்தார். ஆறேழு பேர். சாகிரோடு ஏழெட்டு. அவர் கணக்குப் போட்ட அதே எண்ணிக்கை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரூமில் அன்று பதினொரு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அப்போதும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலை தேடி வெயிலில் அலைந்துவிட்டு வந்த தூக்கம். அவர்களைப் பார்த்தார். சாகிரின் மேலுதட்டைப் பார்த்தார். அதில் லேசாகக் கறுப்புத் தட்டத் தொடங்கியிருந்தது.

"காலையில ஷேவ் பண்ணலியா?"

"அதுதான் போகலியே காக்கா."

நூஹுவுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடா. இங்க ஒருத்தன் ஒனக்காக ரயில நிறுத்தி வச்சிருக்கானா? ஒன் ஒத்தக் கைக்காகவா நான் காத்துக்கிட்டிருக்கேன்? ஜெபல் அலி ஆளுங்க மொத்தமும் நம்ம பக்கம் வந்துட்டானுவ. நான் பேசி முடிச்சாச்சு. ஜெயிச்சாச்சுன்னே வச்சுக்க."

"நெசமாவா?"

"பின்னே? அந்தப் பயலுவகிட்டயும் சொல்லிடு. ஒழுங்கா பிளேனைப் பிடிக்கச் சொல்லு. யல்லா, எறங்கு."

சாகிர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். ஜெபல் அலியில் கோரைப்பட்டணத்துக்காரன் ஒருவனும் கிடையாது என்பது அவனுக்கு நினைவு வரவில்லை. ஊருக்குப் போகிறவனுக்கு என்ன நினைவு வரும்?

வெள்ளிக்கிழமை மலையாளி ஓட்டல் மாடியில் செய்கு முகம்மது மாமா முதலில் சித்தீக்கின் பெயரைச் சொன்னார். ரூம்காரர்கள் பதினொரு பேரும் கையைத் தூக்கினார்கள். டிக்கெட் கேட்காத சில நல்லவர்களும் தூக்கினார்கள். நூஹு இரண்டு கையையும் தூக்கியதை மாமா பார்த்து, "ஒண்ணைக் கீழ போடுப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அஸீமின் பெயர். எண்ண வேண்டிய அவசியமே இல்லாத வித்தியாசம் என்று சொல்ல முடியாது. எண்ணினார்கள். ஏழு கை அதிகம்.

அஸீம் எழுந்து வந்து முதலில் நூஹுவைத்தான் கட்டிப்பிடித்தார். "காக்கா, நான் யாரையும் தெருவுல விட மாட்டேன். பெருநாள் கழியட்டும். இருக்கிறவங்களுக்கு ஆளுக்கொரு எடம் பாத்துக் குடுத்துட்டுத்தான் சாவியை ஒப்படைப்போம். ஒங்களுக்கு எங்க வீட்லயே சமையல் வேலை இருக்கு. எம் பொஞ்சாதி ஆபிதாவுக்கும் முடியல."

கெட்டவனாக ஒரு வார்த்தை பேசினால் மனதார வெறுக்கலாம் என்று நூஹு காத்திருந்தார். அந்த உதவியைக்கூட அஸீம் செய்யவில்லை. சொன்னபடியே பதினொரு பேருக்கும் இடம் பார்த்துக் கொடுத்தார். "இருந்தவங்களுக்குப் பாத்துட்டார். இனிமே வர்றவனுக்கு?" என்று நூஹு சித்தீக்கிடம் கேட்டார். சித்தீக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கிடங்குல கார்கோ பெட்டிக்கு நடுவுல ஒரு பாய் விரிக்கிற எடம் இருக்கு. ஒரு ஆளு படுக்கலாம்" என்றார்.

பெருநாள் முடிந்து, சாவி கொடுக்கிற நாள் வந்தது. இரும்புக் கட்டில்களைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அவருடைய பட்டாணி ஆட்கள் இரண்டு பேர் அடுக்குக் கட்டில்களைக் கழற்றி, ஒவ்வொன்றாக மூன்றாவது மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நூஹு வாசலில் நின்று, சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டார். இனி அந்தச் சுவர் யாருடையது என்று தெரியாது. இருந்தாலும் பார்த்துக்கொண்டார்.

கீழேயிருந்து இரண்டு இளைஞர்கள் ஏறி வந்தார்கள். தோளில் பை. கையில் விமானக் கம்பெனியின் சீட்டு ஒட்டிய சின்னப் பெட்டி. வியர்வைக்கு மேலே இன்னும் ஊரின் பவுடர் கலையவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். நூஹு காக்கா நீங்கதானே?"

"வ அலைக்கும் ஸலாம். நான்தான்."

"நாங்க கோரைப்பட்டணம் காக்கா, கிழக்குத் தெரு. விசிட்ல வந்திருக்கோம். சாகிர் காக்காதான் அனுப்பி வச்சாங்க. 'எலெக்சன்ல ஜெயிச்சாச்சு, ரூமுக்கு இனிமே கவலையே இல்ல, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. இன்னும் நாலு பேரு அடுத்த வாரம் வர்றாங்க. அவுங்க பாப்பா அவுங்களை விட்டு எறங்கவே மாட்டேங்குதாம். அதையும் ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"எறங்க மாட்டேங்குதா?"

"ஆமா காக்கா. குளிக்கக்கூட விட மாட்டேங்குதாம்."

நூஹு வாயைத் திறந்தார். தொண்டை கட்டிக்கொண்டது. சித்தீக் ஹாஜியாரின் வியாதி இதுதானா என்று நினைத்துக்கொண்டார். உள்ளே பட்டாணி ஆட்கள் கடைசி அடுக்குக் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அது திரும்ப மறுத்தது.

வந்தவர்களில் மூத்தவன் எட்டிப் பார்த்தான். "புதுக் கட்டில் போடப் போறீங்களா காக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையைச் சுவரோரம் வைத்தான். "நீங்க தள்ளுங்க, நாங்க பிடிக்கிறோம்." மற்றவனும் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே வந்தான். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கட்டிலைச் சாய்த்து, வாசலைத் தாண்டி வெளியே எடுத்துவிட்டார்கள். பட்டாணி ஆட்கள் "ஷாபாஷ்" என்றார்கள்.

இளைஞர்கள் இருவரும் கட்டிலோடு படியில் இறங்கத் தொடங்கினார்கள். நூஹு மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"பாத்து" என்றார். "இந்தத் திருப்பத்துல படி குறுகலா இருக்கும்."